லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மையில் முதுகலை: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து போன் வரும். "பையன் பி.காம். முடிச்சிட்டான். எம்பிஏ லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறேங்கிறான். சேக்கலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "அவன் ஒரு கிடங்கு வாசல்ல ஒரு நாள் முழுக்க நின்னு பாத்திருக்கானா?" பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். பாடத்திட்டம், கட்டணம், வேலைவாய்ப்பு விளம்பரம் எல்லாம் விசாரித்திருப்பார்கள். வேலை எப்படி இருக்கும் என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சென்னையில் சரக்கு ஃபார்வர்டிங் தொழிலில், அதாவது அடுத்தவர் சரக்கைக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பிவைக்கும் தொழிலில் இருப்பவன். இதே படிப்பைப் படித்துவிட்டு வந்தவன். இந்தத் துறைக்கு நல்ல பிள்ளைகள் தேவை, வேலையும் இருக்கிறது. ஆனால் தவறான கிளையில் சேர்ந்து, இரண்டு வருடமும் சில லட்சமும் போன பிறகு "இது எனக்கு ஒத்துவரலை" என்று கிளம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் வேலையைப் பாருங்கள்

லாஜிஸ்டிக்ஸ் என்பது ஒரே வேலையின் பெயர் இல்லை. அதற்குள் குறைந்தது ஐந்து தனித்தனி உலகங்கள் இருக்கின்றன.

ஃபார்வர்டிங், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் (சுங்க அனுமதி வாங்குவது) உலகம் பெரும்பாலும் காகிதமும் போனும்தான். சென்னையில் அதன் பழைய வேர் பாரிமுனைப் பக்கம். ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ், சுற்றியுள்ள தெருக்களில் மாடிக்கு மாடி ஏஜென்ட் ஆபீஸ். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு), பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) ஆகிய நான்கிலும் ஒரு எழுத்து மாறினாலும் சரக்கு நின்றுவிடும். நுணுக்கமாகப் பார்க்கும் கண்ணும், பார்ட்டி கோபப்பட்டாலும் நிதானமாகப் பேசும் குணமும் உள்ளவர்கள் இங்கே ஜெயிப்பார்கள்.

கப்பல் லைன், துறைமுக முனையம் என்பது இன்னொன்று. இங்கே கப்பல் எப்போது வரும், எத்தனை பெட்டி இறங்கும், யார்டில், அதாவது பெட்டிகளை அடுக்கும் திடலில், எந்தப் பெட்டியின் மேல் எது அடுக்கப்படும் என்ற திட்டமிடல்தான் முக்கியம். மூன்றாவது கிடங்கு. செங்குன்றம், மாதவரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் வயலாக இருந்த இடமெல்லாம் கிடங்காக நிற்பதைப் பார்க்கலாம். ஷிப்ட் வேலை, ஆள் மேய்ப்பு, வெயில், எண்ணிக்கை. நான்காவது லாரிப் போக்குவரத்து. இதில் நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வண்டி காலியாகத் திரும்பினால் எவ்வளவு நஷ்டம் என்று அங்கே எட்டாவது படித்தவர்கூட வாயாலேயே கணக்குச் சொல்வார். ஐந்தாவது, தொழிற்சாலைக்குள் இருக்கும் சப்ளை செயின் பிளானிங். கார் கம்பெனிக்கு உதிரிபாகம் எந்த மணிக்கு வர வேண்டும், எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டும் வேலை.

துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. அதற்காக மனம் தளர வேண்டாம். உங்கள் ஊர் லாரி புக்கிங் ஆபீசில் ஒரு மாலை உட்காரலாம். சொந்தக்காரர் யாராவது கிடங்கில் வேலை பார்த்தால் ஒரு நாள் கூடப் போகலாம். போகும்போது பெரிய ஆபீசரைத் தேடாதீர்கள். சூப்பர்வைசர் அண்ணனிடம், "அண்ணே, இன்னைக்கு எந்த வண்டி லேட்டு? ஏன் லேட்டு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் முதல் பாடம்.

ஒரு சின்னப் பயிற்சியும் உண்டு. எண்ணூர் சாலையிலோ தூத்துக்குடி புறவழிச்சாலையிலோ டிரெய்லரில் போகும் கன்டெய்னரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது பெரும்பாலும் 'யூ'. அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண். கட்டத்துக்குள் தனியாக இருக்கும் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அதுதான் வர வேண்டும்.

உதாரணமாக சி-எஸ்-கியூ-யூ 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு உரிய மதிப்பு சி 13, எஸ் 30, கியூ 28, யூ 32. இவற்றையும் பின்னால் வரும் இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று 512 வரை இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியிலும் கடைசி இலக்கம் 3 என்றுதான் இருக்கும். யாரோ ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கம்ப்யூட்டர் உடனே பிடித்துவிடுவது இதனால்தான். இந்தக் கணக்கைப் படித்தபோது உங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்திருந்தால் இந்தத் துறை உங்களுக்குப் பொருந்தும் என்று தைரியமாகச் சொல்வேன்.

படி 2: எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

உலகத்தைத் தேர்ந்தெடுத்தபின் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. கப்பல், துறைமுகம் பக்கம் போவதாக இருந்தால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அது. தலைமையகம் சென்னை உத்தண்டியில். துறைமுகம் மற்றும் கப்பல் மேலாண்மை, பன்னாட்டுப் போக்குவரத்து மற்றும் லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மை என்று இரண்டு எம்பிஏ அங்கே உண்டு. இரண்டும் பெயரில் நெருக்கம், பாடத்தில் வேறு. முன்னது துறைமுகத்தின் உள்ளே நடப்பதைச் சொல்லித் தரும். பின்னது வாசலுக்கு இருபுறமும் நடப்பதைச் சொல்லித் தரும்.

தொழிற்சாலைப் பிளானிங், பகுப்பாய்வு என்று போக விரும்பும் பொறியியல் பட்டதாரிகளுக்கு மும்பை ஐஐஎம் பெரிய இலக்கு. நிட்டி என்ற பெயரில் 1963-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2023-இல்தான் ஐஐஎம் ஆனது. ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் என்றால் நாடு முழுவதும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. ரயில், பலவகைப் போக்குவரத்து என்று ஆர்வம் இருந்தால் வடோதராவில் உள்ள கதி சக்தி பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம்.

இவை தவிர, தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் பொது எம்பிஏவில் ஆபரேஷன்ஸ் அல்லது லாஜிஸ்டிக்ஸைச் சிறப்புப் பாடமாகத் தருகின்றன. சில தனிப்பட்டமாகவே தருகின்றன. எது நல்லது? எந்த உலகம் என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தால் தனிப்பட்டம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பொது எம்பிஏவில் சேர்ந்து ஆபரேஷன்ஸைச் சிறப்பாக எடுங்கள். பின்னால் நிதி, விற்பனை என்று திரும்ப வழி இருக்கும். பட்டத்தின் பெயரில் 'லாஜிஸ்டிக்ஸ்' இருக்கிறதா என்று வேலை கொடுப்பவர் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நான் ஆள் எடுக்கும்போது பார்த்ததில்லை.

எம்பிஏ, பிஜிடிஎம் குழப்பம் பலருக்கு உண்டு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதனோடு இணையாமல் தனித்து இயங்கும் நிறுவனங்கள் தருவது பட்டயம், அதுதான் பிஜிடிஎம். தனியார் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். அரசுத் தேர்வு, பிஎச்.டி., ஆசிரியர் பணி என்று எண்ணம் இருந்தால் அந்த பிஜிடிஎம் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்றதா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை எம்பிஏவுக்கு இணையாக ஏற்றிருக்கிறதா என்று கட்டணம் கட்டும் முன் பாருங்கள். தொலைதூர, ஆன்லைன் படிப்பாக இருந்தால் அந்தக் கல்வியாண்டுக்கு யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

படி 3: நுழைவுத் தேர்வு

எந்தப் பட்டதாரியும் சேரலாம். பொதுவாகப் பட்டப் படிப்பில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட், அதன்பின் கலந்தாய்வு. ஐஐஎம்களுக்கு கேட் (CAT) தேர்வு, நவம்பர் கடைசி வாக்கில். கடல்சார் பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு.

கேட் எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம், தரவு விளக்கம், கணிதம் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்த்துப் பயந்து தேர்வையே விட்டுவிடுகிறார்கள். நடுப்பகுதியான தரவு விளக்கத்தில் அட்டவணையும் புதிரும்தான் வரும், ஆங்கிலம் கொஞ்சமே. அன்றாடம் ஒரு மணி நேரம் அதில் உழைத்தவர்கள் மொத்த மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தியதைக் கண்டிருக்கிறேன். அதோடு, லாஜிஸ்டிக்ஸ் வேலையில் தினமும் செய்யப் போவதும் அதே மாதிரிப் புதிர்தான். எந்த வண்டியில் எந்தச் சரக்கு, எந்த வரிசையில் இறக்குவது?

படி 4: கல்லூரியைக் கேள்வி கேளுங்கள்

இந்தப் படியில் வெட்கப்படக் கூடாது. பெண் பார்க்கப் போகும்போதுகூட நாலு பேரை விசாரிக்கிறோம். நான் சேர்ந்த நிறுவனத்தில், பெயர் வேண்டாம், 'மாதந்தோறும் துறைமுகப் பயிற்சி' என்று கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை பஸ்ஸில் கூட்டிப்போய் வெளிவாசலில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினோம். அந்தக் கையேட்டை நம்பித்தான் அப்பா கடன் வாங்கினார். அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது. அதனால் இவற்றை நேரில் போய்க் கேளுங்கள்:

- கடந்த வருடம் படித்து முடித்த அத்தனை பேரின் வேலை விவரம். 'அதிகபட்ச சம்பளம்' ஒருவருக்குக் கிடைத்தது. வரிசையில் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.
- என்ன பதவியில் எடுத்தார்கள்? 'லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி' என்று போட்டிருப்பார்கள், வேலை கால் சென்டரில் புகார் கேட்பதாக இருக்கும்.
- பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள்?
- இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பை யார் ஏற்பாடு செய்வது? மாணவனே தேடிக்கொள்ள வேண்டுமா?

முன்னாள் மாணவர் மூன்று பேரிடமாவது பேசுங்கள். கல்லூரி காட்டும் மூவரிடம் பேசினால் போதாது, நீங்களே தேடிப் பிடித்த மூவரிடம் பேசுங்கள்.

கல்விக்கடன் எடுப்பதாக இருந்தால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

படி 5: வகுப்பு தொடங்கும் முன் இரண்டு கணக்கு

சேர்க்கைக்கும் வகுப்புக்கும் இடையே ஒரு மாதமாவது கிடைக்கும். எக்செல்லைக் கையில் எடுங்கள். பிவட் டேபிள், எக்ஸ்-லுக்அப், தேதிக் கணக்கு, இந்த மூன்றும் விரல் நுனியில் வந்துவிட வேண்டும். கூடவே இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, எடை. திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு பெட்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். தராசில் 12 கிலோ. நீளம் 60 செ.மீ., அகலம் 50, உயரம் 40. மூன்றையும் பெருக்கினால் 1,20,000 கன செ.மீ. விமானச் சரக்கில் வழக்கமாக 6,000 கன செ.மீட்டரை ஒரு கிலோவாக எடுப்பார்கள். வகுத்தால் 20. ஆக 12 கிலோ பெட்டிக்கு 20 கிலோவுக்கான வாடகை கட்ட வேண்டும். விமானத்தில் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் பஞ்சம். பஞ்சு மூட்டையும் இரும்புத் துண்டும் ஒரே கட்டணத்தில் போக முடியாது. இப்போது அதே சாமானை உயரம் 30 செ.மீ. உள்ள பெட்டியில் அடுக்க முடிந்தால்? 15 கிலோ. பெட்டியை மாற்றியதிலேயே 5 கிலோ வாடகை மிச்சம். பேக்கிங் ஆளும் லாஜிஸ்டிக்ஸ் ஆளும் ஒருவரோடு ஒருவர் பேசாத கம்பெனிகளில் இந்தப் பணம் தினமும் போய்க்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, இருப்பு. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் எழுதினார். ஒரு தொழிற்சாலைக்கு வருடத்துக்கு 12,000 பேரிங் தேவை. ஒரு தடவை ஆர்டர் போட்டு வரவழைக்க 600 ரூபாய் ஆகிறது. ஒரு பேரிங்கை ஒரு வருடம் கிடங்கில் வைத்திருக்க 40 ரூபாய். இரண்டு, 12,000, 600 மூன்றையும் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 3,60,000. அதன் வர்க்கமூலம் 600. ஆக ஒரு தடவைக்கு 600 பேரிங், வருடத்துக்கு 20 தடவை. ஆர்டர் செலவு 12,000 ரூபாய். சராசரி இருப்பு 300, அதை வைத்திருக்கும் செலவும் 12,000 ரூபாய். மொத்தம் 24,000.

அவசரப்பட்டு 1,200 ஆக வாங்கினால் ஆர்டர் செலவு 6,000 ஆகக் குறையும், வைப்புச் செலவு 24,000 ஆக ஏறும். மொத்தம் 30,000. சிக்கனம் என்று 300 ஆக வாங்கினாலும் அதே 30,000-தான். கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம். முதலாமாண்டுப் பாடத்தில் பாதி இதன் நீட்சிதான்.

படி 6: இரண்டு வருடத்தில் எதில் ஊன்றி நிற்பது

நான்கு செமஸ்டர், இருபதுக்கும் மேல் பாடம். எல்லாவற்றிலும் பாஸ் ஆகுங்கள், நான்கில் ஊன்றுங்கள்.

ஒன்று, ஆபரேஷன்ஸ் ரிசர்ச். போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு என்று கரும்பலகையில் பார்க்கும்போது வறட்சியாக இருக்கும். மூன்று கிடங்கிலிருந்து எட்டு ஊருக்குக் குறைந்த வாடகையில் சரக்கு அனுப்புவது எப்படி என்று எக்செல் சால்வரில் ஒரு தடவை நீங்களே போட்டுப் பார்த்தால் வறட்சி போய்விடும்.

இரண்டு, தேவையை முன்கணிப்பது. இதில் 'புல்விப்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள், சாட்டையடி விளைவு. சித்திரை வெயிலில் தெருமுனைக் கடையில் ஒரு வாரம் குளிர்பானம் கொஞ்சம் கூடுதலாக விற்கிறது. கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கேஸ் சேர்த்துக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இருபது கேஸ் சேர்த்துக் கேட்கிறார். டிப்போ இருநூறு சேர்க்கிறது. கம்பெனி புது ஷிப்ட் போட்டு உற்பத்தி செய்கிறது. அடுத்த வாரம் கோடைமழை. கைப்பிடியில் சின்ன அசைவு, சாட்டை நுனியில் பெரிய வீச்சு. ஜே ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்க எம்ஐடி பேராசிரியர் 1950-களின் கடைசியிலேயே இதை ஆராய்ந்தார். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிப்போ, கம்பெனி என்று ஆளுக்கொரு இடத்தில் இருந்து ஆர்டர் போடும் 'பீர் விளையாட்டு' அவர் குழு உருவாக்கியது, இன்றும் வகுப்புகளில் ஆடுகிறார்கள். கல்லூரியில் ஆட வைக்கவில்லை என்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து நீங்களே ஆடுங்கள். விளையாடி முடித்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைத் திட்டுவார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை, சங்கிலியின் அமைப்பே அப்படி என்று அப்போதுதான் உறைக்கும்.

மூன்று, சட்டமும் வரியும். பலர் தூங்கிவிடும் பாடம் இது, ஆனால் கிடங்கின் முகவரியைத் தீர்மானிப்பதே வரிதான். 2017 ஜூலை 1-க்கு முன், மாநிலம் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்து, சரக்கை அங்கே மாற்றி, அங்கிருந்து விற்றன. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் மறைந்தது. சின்னச் சின்ன டிப்போக்களை மூடி, தூரமும் நேரமும் பார்த்துப் பெரிய கிடங்கு போட்டார்கள். 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, வந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு நகர்ந்தால் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே நகர்ந்தால் வரம்பு 1 லட்சம். செங்குன்றத்தில் ஏன் அத்தனை கிடங்கு என்று கேட்டால், பதிலில் ஒரு பங்கு இந்த வரிச் சட்டத்தில்தான் இருக்கிறது.

நான்கு, பன்னாட்டு வணிக நிபந்தனைகள். செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று சொல்லும் விதிகள் இவை, சுருக்கமாக இன்கோடெர்ம்ஸ். இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 விதி இருக்கிறது. மனப்பாடம் செய்யாமல் ஒரு சரக்கோடு கூட நடந்து பாருங்கள். திருப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் பனியன் தூத்துக்குடி போகிறது. அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா. ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. கப்பலில் ஏறும் வரை நஷ்டம் விற்பவர் தலையில், ஏறியபின் வாங்குபவர் தலையில். ஆனால் ஏற்றுமதியாளர் பெட்டியைக் கப்பலில் ஒப்படைப்பதில்லை, இரண்டு மூன்று நாள் முன்பே முனைய யார்டில் ஒப்படைத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் யார்டில் பெட்டி நனைந்தால்? தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்ததற்கு அவர் பொறுப்பு. இதனால்தான் கன்டெய்னர் சரக்குக்கு, ஒப்படைத்த இடத்திலேயே விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று பன்னாட்டு வணிகச் சபை சொல்கிறது. நம் ஏற்றுமதியாளர்களில் மிகப் பலர் பழக்கத்தால் இன்னும் எஃப்.ஓ.பி.யே போடுகிறார்கள்.

செய்தித்தாளையும் பாடப்புத்தகமாக வையுங்கள். 2021 மார்ச் 23-ஆம் தேதி எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. 2023 நவம்பருக்குப் பின் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. திருப்பூர் பனியனுக்குப் பயண நாள் கூடியது, வாடகை ஏறியது, துணிக்கடையின் சீசன் தப்பியது. 2024 டிசம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் வணிகரீதியாக இயங்கத் தொடங்கியது. கொழும்பில் மாறும் சரக்கில் எவ்வளவு இங்கே வரும்? ஒரு செய்தி எந்தப் பெட்டியை எத்தனை நாள் தாமதிக்கும் என்று கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டால் நேர்முகத் தேர்வுக்குத் தனியாகத் தயாராக வேண்டாம்.

படி 7: இன்டர்ன்ஷிப்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். முதலாமாண்டு முடிவில் இரண்டு மாதம். பலர் கூகுளில் தேடி, 'வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, வட்ட வரைபடம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு கிடங்கில் 'லாரி இறக்க நேரமாகிறது, ஆள் போதவில்லை' என்று மேனேஜர் சொன்னார். எனக்கு வேறு எதுவும் தெரியாததால் ஒரு நோட்டோடு வாசலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து நேரம் குறித்தேன்: வாசலுக்குள் வந்தது, டாக்கில் (சரக்கு இறக்கும் மேடையில்) நின்றது, இறக்கத் தொடங்கியது, முடித்தது, வெளியே போனது. மூன்றாவது வாரம் அதை எக்செல்லில் போட்டபோது லோடுமேன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தது. வண்டி இறங்கிய பிறகு வரவுச் சீட்டு போடும் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் காத்திருந்தது. அவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். காலை கிளம்பிய வண்டிகள் பன்னிரண்டரைக்குத்தான் மொத்தமாக வந்து சேரும். இன்னொருவருக்குச் சீட்டுப் போடக் கற்றுக்கொடுத்துச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினார்கள். செலவு ஏதுமில்லை. டிரைவர் ஒருவர் போகும்போது, "தம்பி, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். என் பட்டத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மார்க் அது.

அதனால் நீங்கள் போகும் இடத்தில் ஒரே ஒரு அளவை எடுங்கள். நேரமோ, எண்ணிக்கையோ, சேதமோ. அதை உங்கள் கையால் தினமும் குறியுங்கள்.

படி 8: கூடுதல் சான்றிதழ்

எல்லாச் சான்றிதழும் எல்லோருக்கும் தேவையில்லை. பிளானிங் பக்கம் போகிறவர்களுக்கு ஏஎஸ்சிஎம் என்ற சர்வதேச சப்ளை செயின் அமைப்பு தரும் சிபிஐஎம், சிஎஸ்சிபி சான்றிதழ்கள் பெயர் பெற்றவை. கட்டணம் அதிகம், வேலையில் சேர்ந்தபின் கம்பெனி செலவில் எழுதுவது நல்லது. பணம் இல்லாதவர்கள் எம்ஐடியின் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள். கணக்கில் பயமில்லாதவர்களுக்கு அது பெரிய வரம்.

கிளியரன்ஸ் பக்கம் போகிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் புரோக்கர் தேர்வு இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு உரிம விதிகளில், பட்டதாரியாக இருந்து எம்பிஏ போன்ற தொழிற்பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. வேறு நிபந்தனைகளும் உண்டு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டையும் தாண்ட வேண்டும். கடினம்தான். ஆனால் அந்த உரிமம் கையில் இருந்தால் சொந்தமாகப் பலகை மாட்டி உட்காரலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் படிக்க வசதி இருப்பவர்களுக்கு ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பல்கலைக்கழகம், ஹாம்பர்கில் கியூனே லாஜிஸ்டிக்ஸ் பல்கலைக்கழகம், கடல்சார் கல்விக்கு ஸ்வீடனின் மால்மோவில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம். துறைமுக நகரத்தில் இருக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், பகுதிநேரமாகத் துறைக்குள் நுழைய வழி கிடைக்கும். இலங்கையில் இருப்பவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

படி 9: முதல் வேலை

முதல் இரண்டு வருடம் 'மேலாண்மை' எதுவும் இருக்காது. எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் சேர்ந்து, கிளார்க் செய்யும் வேலையைச் செய்வீர்கள். செய்யுங்கள். நான் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு ஏற்றுமதி பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை இருக்க வேண்டிய கட்டத்தில் நிகர எடையைத் தட்டிவிட்டேன். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்த்துச் சொல்லப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகளாவிய விதி. அடுக்கின் அடியில் இருக்க வேண்டிய கனமான பெட்டி மேலே போனால் கப்பலுக்கும் ஆளுக்கும் ஆபத்து. அறிவித்த எடையும் காகிதத்து எடையும் ஒத்துப்போகவில்லை. திருத்தி முடிப்பதற்குள் கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குப் பெட்டியும் காகிதமும் ஏற்கும் கடைசி நேரம், தாண்டிவிட்டது, கப்பல் போய்விட்டது. பார்ட்டி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அன்றிலிருந்து எண்களை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு: யார்டு, கிடங்கு வேலைகளில் இரவு ஷிப்ட் இருந்தால் வண்டி வசதி, தனி ஓய்வறை, கழிப்பறை பற்றி நேர்முகத்திலேயே கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். பதில் சொல்லத் திணறும் இடத்தில் சேராமல் இருப்பதே மேல். இன்று பிளானிங், டாக்குமென்டேஷன் மட்டுமல்ல, கிடங்கு முழுவதையும் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள்.

நேர்முகத் தேர்வில் நான் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி. "இன்டர்ன்ஷிப்பில் ஒரு சரக்கு எங்கேயாவது நின்றதைப் பார்த்தீர்களா? ஏன் நின்றது?" போன வருடம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறி, பிறகு தமிழிலேயே சொன்னாள். "சார், தீப்பெட்டி லோடு. பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா அபாயச் சரக்குன்னு பெட்டி மேல ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் மூணு பக்கம்தான் ஒட்டியிருந்தாங்க, நாலாவது பக்கம் இல்ல. கேட்லயே நிறுத்திட்டாங்க. நான் சைக்கிள்ல போய் வாங்கிட்டு வந்து ஒட்டினேன்." எந்தக் கடை, எவ்வளவு நேரம் ஆனது, அதற்குள் எத்தனை வண்டி பின்னால் வரிசையில் நின்றது என்று கேட்டேன். மூன்றுக்கும் பதில் இருந்தது.